தரையைப் பார்த்து நடந்தவர்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு கேள்வியும் கூடவே பிறந்துவிடும்: இந்த விடுமுறைக்கு எங்கே? இவ்வாண்டு பிள்ளைகள் ஒரு நிபந்தனை விதித்தார்கள். வாகனத்தில் ஏறி, காட்சிமுனையில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பும் பயணம் வேண்டாம். மலையில் நடக்க வேண்டும். அதுவும் ஒரு தேசியப் பூங்காவில் நடக்க வேண்டும் என்றார்கள். ஆசை நல்லதுதான். அதை நிறைவேற்ற வரைபடத்தை விரித்தபோதுதான் நடைமுறை புரிந்தது.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்காக்கள் ஐந்து. கிண்டி, சென்னை நகரின் நடுவில் இருக்கிறது. மன்னார் வளைகுடா, கடலில் இருக்கிறது. மலை என்று எஞ்சுபவை முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை ஆகிய மூன்று. மூன்றும் புலி நடமாடும் காடுகள். வனத்துறையின் அனுமதி இன்றி அங்கே காலடி வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேற்றத்துக்குச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தை நாம் மறந்துவிட இயலாது. அதற்குப் பின்னரே மலையேற்றத்துக்கென விதிமுறைகள் வகுக்கப்பட்டன. 2024-இல் தமிழ்நாடு அரசே 40 மலையேற்றப் பாதைகளை அறிவித்து, இணையவழி முன்பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் என ஓர் ஒழுங்கை ஏற்படுத்தியது. சேலம் மாவட்டத்தின் குண்டூர், நாகலூர் பாதைகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. சேர்வராயன் மலை தேசியப் பூங்கா ஆகாது. காப்புக்காடும் காப்பித் தோட்டமும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களும் கலந்து கிடக்கும் மலை அது. புதிதாக நடக்கத் தொடங்குவோருக்கு வாகானது. ஆகவே, ஏற்காடு என்று முடிவு செய்தோம்.

அடுத்தது திட்டம். ஏற்காடு என்றதும் எல்லோரும் சொல்லும் இடங்களையே நாங்களும் எழுதினோம்: ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில். எழுதி முடித்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. இவற்றுள் பாதிக்கு மேல் மலை விளிம்பில் நின்று, தொலைவைப் பார்ப்பதற்கான இடங்கள். மலையைப் பார்ப்பதற்கு மலைக்குப் போகிற நாம், அங்கே போனதும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமவெளியைப் பார்க்கிறோம். இதே ஏற்காட்டில், காலடியில் கிடப்பதைப் பார்த்தே வாழ்நாளைக் கழித்த ஒருவர் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபூட். பள்ளிப் பாடநூலில் ஒரு வரியில் கடந்துபோகிற பெயர். எங்கள் நடைப்பயணத்தின் வழிகாட்டியாக அவரையே வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதற்காக அவர் வாழ்க்கையை மீண்டும் படித்தேன். படித்ததைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1834 செப்டம்பரில் இங்கிலாந்தில் பிறந்த ஃபூட், 1858 டிசம்பர் இறுதியில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து, இந்தியா பிரிட்டிஷ் அரசியின் நேரடி ஆட்சிக்குள் வந்த ஆண்டு அது. அந்தத் துறையும் இளமையானது. தாமஸ் ஓல்டாம் தலைமையில் 1851-இல் தொடங்கப்பட்டது. நிலக்கரி எங்கே, இரும்பு எங்கே, தங்கம் எங்கே என்று அரசுக்குச் சொல்வதே அதன் வேலை. ஃபூட்டுக்குக் கிடைத்தது சென்னை மாகாணம். துல்லியமான வரைபடங்கள் அரிதாக இருந்த அக்காலத்தில் நிலவியலாளரின் முதல் கருவி கால்கள்தாம். கூடாரம், மாட்டுவண்டி, சுமை தூக்குவோர், கையில் ஒரு சுத்தியல் என்று மாதக்கணக்கில் முகாமிட்டு, ஆற்றங்கரைகளையும் கரடுகளையும் நடந்தே அளந்தார்கள். மழைக்காலத்தில் ஊர் திரும்பி அறிக்கை எழுதினார்கள்.

ஃபூட்டின் முதல் பெரிய பணிகளில் ஒன்று சேலம் சீமையைச் சேர்ந்தது என்பது நம் பயணத்துக்குப் பொருத்தமான செய்தி. சேலம், திருச்சி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டங்களின் சில பகுதிகளின் பாறை அமைப்பைப் பற்றி அவரும் அவருடைய சக ஊழியர் வில்லியம் கிங்கும் சேர்ந்து எழுதிய அறிக்கை 1864-இல் வெளிவந்தது. சேர்வராயன் மலையடிவாரத்தில் வெள்ளைவெளேரென்று தெரியும் மேக்னசைட் கரடுகள், சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையின் இரும்புப் படிவுகள் ஆகியவை அந்த நிலப்பரப்பைச் சேர்ந்தவையே. சேலத்து மக்கள் மேக்னசைட்டை வெள்ளைக்கல் என்பார்கள். ஏற்காட்டு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது கீழே வெள்ளையாக விரிந்து கிடக்கும் சுரங்கப் பள்ளங்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

அந்த அறிக்கை அச்சாவதற்கு முந்தைய ஆண்டு ஃபூட்டின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. 1863 மே 30. சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், படைப்பிரிவு மைதானத்தை ஒட்டிச் சரளைக்கல் தோண்டிய குழி ஒன்று இருந்தது. சாலை போடுவதற்காக வெட்டிக் குவித்த செஞ்சரளை. அதில் கிடந்த ஒரு கல் ஃபூட்டின் கண்ணில் பட்டது. இரு பக்கமும் சில்லு பெயர்த்து, கைக்குள் அடங்கும்படி முனை கூராக்கப்பட்ட கல். மனிதக் கை செதுக்கியது என்பதை அவர் உடனே உணர்ந்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அன்று தொடங்கியது. அவருக்கு அப்போது வயது 28.

அதே குழியில் அதற்கு முன் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள். கூலிக்கு மண் வெட்டியவர்கள் அத்தகைய கற்களைக் கூடை கூடையாக அள்ளிக் கொட்டியிருப்பார்கள். ஃபூட்டுக்கு மட்டும் அது ஏன் கருவியாகத் தெரிந்தது? பார்வை கூர்மையாக இருந்தது என்பது பாதி விடை. எதைத் தேடுவது என்பதை அவர் முன்பே படித்திருந்தார் என்பது மறுபாதி. பிரான்சின் சோம் ஆற்றுப் படுகைச் சரளையில், அழிந்துபோன விலங்குகளின் எலும்புகளோடு கல்லாயுதங்கள் கிடைக்கின்றன என்பதை 1859-இல்தான் ஆங்கிலேய அறிஞர்கள் நேரில் சென்று பார்த்து ஏற்றுக்கொண்டார்கள். டார்வினின் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூல் வந்ததும் அதே ஆண்டில்தான். மனித இனத்தின் வயது சில ஆயிரம் ஆண்டுகளே என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டுகொண்டிருந்த காலம் அது. அந்தச் செய்தியைத் தூரதேசத்து விவாதமாக ஒதுக்கிவிடாமல், தான் நிற்கும் மண்ணிலும் அப்படி இருக்கக்கூடும் என்று எண்ணிக் குனிந்தவர் ஃபூட். ஐரோப்பாவில் அக்கருவிகள் தீக்கல்லால் ஆனவை. இங்கே கிடைத்தவையோ குவார்ட்சைட்டு எனும் கடினமான பாறையால் ஆனவை. கல் வேறாக இருந்தும், செய்த கையின் நோக்கம் ஒன்றே என்பதை அவர் கண்டுகொண்டார்.

ஒரு கல் தற்செயலாக இருக்கலாம் என்று எவரும் சொல்லிவிட முடியும். எனவே அவர் தேடலை நிறுத்தவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில், வில்லியம் கிங்குடன் சேர்ந்து அவர் ஒரு பெரும் களத்தைக் கண்டார். அங்கே கருவிகள் மண்ணடுக்குக்குள்ளேயே பதிந்து கிடந்தன. மேற்பரப்பில் கிடக்கும் கல்லை யாரும் கொண்டுவந்து போட்டிருக்கலாம். அடுக்குக்குள் கிடக்கும் கல்லோ அந்த அடுக்கின் காலத்துக்குச் சாட்சி. நிலவியலாளரான அவருக்கு இந்த வேறுபாடு நன்கு தெரியும். கண்டதை 1866-இல் சென்னை இலக்கிய, அறிவியல் இதழிலும், 1868-இல் லண்டன் நிலவியல் கழகத்தின் இதழிலும் முறைப்படி வெளியிட்டார்.

அன்று அவரால் சொல்ல முடியாமற்போனது அந்தக் கருவிகளின் வயது. அதை அளக்கும் அறிவியல் அப்போது பிறக்கவில்லை. தொல்லியலாளர் சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் நெடுங்காலம் அகழாய்வு நடத்தி, அங்குள்ள கைக்கோடரிகளின் காலம் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தனர். அதே இடத்தில் அடுத்த கட்டக் கருவி நுட்பம் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டது என்று 2018-இல் அறிவித்தனர். உலகின் முன்னணி அறிவியல் இதழ்களில் வெளிவந்த முடிவுகள் இவை. கீழடி, ஆதிச்சநல்லூர், சிவகளை என்று தொன்மையைப் பற்றி நாம் பெருமையோடு பேசும் இந்நாளில், நம் மண்ணில் மனிதக் கையின் கதை அவற்றுக்கும் எத்தனையோ மடங்கு முந்தையது என்பதற்கான முதல் தடம், சாலைக்காகத் தோண்டிய ஒரு சரளைக் குழியில் கிடைத்தது.

ஃபூட்டின் எஞ்சிய பணிக்காலம் ஒரு நெடும் நடை. தென்மராட்டிய நாட்டைப் பற்றிய அவரது அறிக்கை 1876-இலும், மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களைப் பற்றியது 1883-இலும், பெல்லாரியைப் பற்றியது 1895-இலும் வெளிவந்தன. கர்நாடகத்தின் பழம்பாறைத் தொகுதி ஒன்றைத் தனியே பிரித்து, அதற்குத் தார்வார் என்று பெயரிட்டவர் அவரே. கோலார் தங்கம் கிடைத்தது அத்தகைய பாறைகளில்தான். 1884-இல் தம் மகன் ஹென்றியோடு இன்றைய ஆந்திரத்தின் பில்லா சுர்கம் குகைகளைத் தோண்டினார். பெல்லாரிப் பக்கத்தில் குன்றுகளைப் போல் நின்ற சாம்பல் மேடுகளை எரிமலையின் எச்சம் என்று சிலரும், பெரும்பலிகளின் எச்சம் என்று சிலரும் கருதியிருந்தபோது, அவை கால்நடைச் சாணம் எரிந்த சாம்பல், புதிய கற்கால மக்களின் வாழ்வோடு தொடர்புடையவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். இருபதாம் நூற்றாண்டு அகழாய்வுகள் அதை உறுதி செய்தன. தவறியதும் உண்டு. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே தென்னிந்தியாவில் பெரியதோர் இடைவெளி இருந்தது என்று அவர் நம்பினார். இடையில் நுண்கற்கருவிகளின் காலம் ஒன்று இருந்ததைப் பின்னர் வந்த ஆய்வாளர்கள் காட்டினர்.

1891-இல் அவர் நிலவியல் ஆய்வுத் துறையிலிருந்து ஓய்வு பெற்றார். 33 ஆண்டுப் பணி. ஓய்வு என்பது பெயருக்குத்தான். பரோடா அரசுக்காக அந்த நாட்டின் நிலவியலை ஆராய்ந்தார். 1894-இல் மைசூர் அரசு தனக்கென ஒரு நிலவியல் துறையைத் தொடங்கியபோது அதை அமைத்து நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அதன் பின்னரே அவர் ஏற்காட்டில் நிலைகொண்டார். ஐவி காட்டேஜ் என்பது அவர் வாழ்ந்த வீட்டின் பெயர்.

ஏற்காட்டோடு அவருக்கு வேறொரு உறவும் இருந்தது. தமிழ் வாசகர்களுக்கு அதுவே சுவையான செய்தி. அவருடைய முதல் மனைவி எலிசபெத் ஆன், பீட்டர் பெர்சிவலின் மகள். யாழ்ப்பாணத்தில் பள்ளிகளை வளர்த்தவர், ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர், பின்னர் சென்னைக்கு வந்து தினவர்த்தமானி இதழைத் தொடங்கியவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் என்று தமிழுலகம் அறிந்த அதே பெர்சிவல்தான். தமிழ்ப் பழமொழிகளை ஆறாயிரத்துக்கும் மேல் திரட்டி, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874-இல் வெளியிட்டதும் அவரே. 1882-இல் அவர் மறைந்தது ஏற்காட்டில். மாமனார் மக்கள் நாவில் புழங்கிய சொற்களைப் பொறுக்கிச் சேர்த்தார். மருமகன் மக்கள் காலடியில் கிடந்த கற்களைப் பொறுக்கிச் சேர்த்தார். அன்றாடம் புழங்குவதால் எவரும் பொருட்படுத்தாதவற்றில் ஒரு சமூகத்தின் நினைவு தங்கியிருக்கிறது என்ற எண்ணம் இருவருக்கும் பொதுவாக இருந்திருக்க வேண்டும்.

நாற்பதாண்டு காலம் சேர்த்த கற்களையும் மட்கலங்களையும் ஃபூட் 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு விற்றார். எழும்பூரில் இன்றும் அது அவர் பெயரால் அறியப்படுகிறது. 450-க்கும் மேற்பட்ட இடங்களிலிருந்து திரட்டப்பட்டவை அவை. அவற்றைப் பழைய கற்காலம், புதிய கற்காலம், இரும்புக் காலம் என்று பிரித்து, ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்பதைக் குறித்து விரிவான பட்டியல் ஒன்றைத் தம் முதுமையில் எழுதினார். சேர்வராயன் மலையில் கிடைத்த, தேய்த்து மெருகேற்றிய கற்கோடரிகளும் அந்தப் பட்டியலில் இடம் பெற்றன. புதிய கற்காலத்து மனிதர் இம்மலைமேல் வாழ்ந்ததற்கு அவை சாட்சி. பட்டியல் அச்சாகி வருவதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் காலமானார். நூல்கள் 1914-இலும் 1916-இலும் வெளிவந்தன. அவரது அஸ்தி ஏற்காட்டின் தூய திரித்துவ ஆலயத்தில் வைக்கப்பட்டது.

இந்த வாழ்க்கையில் ஒரு வட்டம் இருக்கிறது. சேர்வராயன் மலையின் உடல் சார்னோக்கைட்டு எனும் மிகப் பழைய பாறையால் ஆனது. அந்தப் பெயரை 1893-இல் வைத்தவர் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து. கல்கத்தா நகரோடு பெயர் பிணைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் அந்தப் பாறையால் ஆனது என்பதே பெயர்க் காரணம். அதே பாறைதான் சென்னையின் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இருக்கிறது. முதல் கைக்கோடரி கிடைத்த மண்ணுக்கு அடியில் இருந்த பாறையும், முதுமையில் அவர் குடியிருந்த மலையின் பாறையும் ஒன்றே. அந்தப் பாறைக்குப் பெயர் தந்த கல்லறை இருக்கும் நகரில் அவர் உயிர் பிரிந்தது.

ஆனால், இந்தக் கதையை வெறும் புகழுரையாக முடித்துக்கொள்வது நேர்மையாகாது. ஃபூட் நடந்தது அரசின் கனிம வளக் கணக்குக்காக. நம் தொன்மையைக் காட்டிய அதே காலடிகள் சுரங்கங்களுக்கும் வழி காட்டின. அவரும் அவருடைய துறையும் வரைந்த வரைபடங்களைக் கொண்டு தொழில்கள் எழுந்தன, பல்லாயிரம் குடும்பங்கள் பிழைத்தன, மலைகளும் குடைபட்டன. அடிவாரத்தில் வெள்ளைக்கல் பள்ளங்கள். உச்சியின் சமதளங்களில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்காக வெட்டிய வடுக்கள். ஏற்காட்டின் ஒவ்வொரு வளைவிலும் இரண்டையும் நாம் காணலாம். தவிர, அந்த நெடும் நடைகளில் அவருக்காகச் சுமை தூக்கியவர்கள், வழி காட்டியவர்கள், எங்கே என்ன கல் கிடக்கிறது என்று சொன்ன ஊர்க்காரர்கள் பலர். வரலாற்றில் அவர்கள் பெயர் நிற்கவில்லை. ஜவ்வாது மலையில் பழங்குடி மக்கள் கற்கோடரிகளைக் குவித்து வைத்து வழிபடுவதை இன்றும் காணலாம். அறிஞர்கள் கருவி என்று சொல்வதற்கு முன்பே, அவை சாதாரணக் கற்கள் அல்ல என்பதை மலைமக்கள் அறிந்திருந்தார்கள். கண்டுபிடிப்பு என்ற சொல்லை நாம் சற்றே அடக்கத்தோடு பயன்படுத்த வேண்டியிருக்கிறது.

இன்று என் கவலை வேறு. ஃபூட் பார்த்த தரை எஞ்சியிருக்குமா என்பதே அது. பல்லாவரம் இப்போது விமான நிலையத்தை ஒட்டிய நெருக்கடியான நகர்ப்பகுதி. 1863-இன் நிலத்தோற்றம் அங்கே இல்லை. கற்காலக் கருவிகள் பொதிந்திருக்கும் செஞ்சரளை, கட்டுமானத் தொழிலுக்குக் கிராவல் மட்டுமே. லாரி லாரியாக அள்ளிச் செல்லப்பட்டு, சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் கீழே கொட்டி மூடப்படுகிறது. பல்லாவரத்தில் சரளை தோண்டியதால்தான் கருவி வெளிப்பட்டது என்பது உண்மை. பார்க்க ஒரு கண் அங்கே இருந்தது என்பதும் அதோடு சேர்ந்த உண்மை. இன்று பொக்லைன் இயந்திரம் தோண்டும் வேகத்தில் எந்தக் கண்ணும் எதையும் பார்த்துவிட முடியாது. கோயிலையும் கோட்டையையும் காப்பதற்கு நமக்கு மனம் இருக்கிறது. வெறும் சரளை மேட்டை ஏன் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்லத்தான் ஆளில்லை.

ஆகவே, எங்கள் விடுமுறைத் திட்டத்தை மாற்றி எழுதினோம். முதல் நாள், சேலத்திலிருந்து மலைப்பாதையில் அவசரமின்றி ஏறுவது. வழியில் நின்று, வெள்ளைக்கல் கரடுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அவை எப்படி வந்தன, எங்கே போகின்றன என்று பேசுவது. இரண்டாம் நாள், சேர்வராயன் கோயில் இருக்கும் ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரச் சிகரப்பகுதிக்கு நடப்பது. செந்நிறமாகிப் போன மேல்மண்ணையும் அதன் கீழே கிடக்கும் கரும்பாறையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. சேர்வராயனையும் காவேரியம்மனையும் குகைக்குள் வைத்து வணங்கும் மலைமக்களிடம் அந்த மலையைப் பற்றிக் கேட்பது. மூன்றாம் நாள், வனத்துறை வழிகாட்டியோடு அனுமதிக்கப்பட்ட பாதை ஒன்றில் காலையில் நடந்துவிட்டு, மாலையில் தூய திரித்துவ ஆலயத்தில் ஃபூட்டை நினைத்துச் சற்று நேரம் அமர்வது. மூன்று நாளில் இவ்வளவுதானா என்றார் மனைவி. மெதுவாக நடப்பதற்கு மூன்று நாள் போதாது என்றேன்.

நடையுடன் சில விதிகளையும் சேர்த்துக்கொண்டோம். கோடையில் காட்டுக்குள் நெருப்புப் பொறி எதையும் கொண்டுபோவதில்லை. அனுமதி இல்லாத பாதையில் கால் வைப்பதில்லை; தோட்டங்கள் பிறருடையவை என்பதை மறப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, செதுக்கியதுபோல் ஒரு கல் கண்ணில் பட்டால் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வதில்லை. கிடந்த இடத்திலேயே விட்டு, படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பது. ஃபூட் அன்று எடுத்துச் சென்றார். ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்பதையும் எழுதி வைத்தார். இடம் தெரியாத கருவி தன் கதையில் பாதியை இழந்துவிடுகிறது என்பதை அவர் வாழ்க்கையிலிருந்தே நாம் கற்கிறோம்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அதன் அருகே குடியம் குகைகளுக்கான பாதை அரசின் மலையேற்றப் பட்டியலில் இருக்கிறது. அத்திரம்பாக்கமும் அதே வட்டாரம்தான். இவற்றோடு எழும்பூர் அருங்காட்சியகத்தையும் ஏற்காட்டையும் ஒரே சரட்டில் கோத்து, பள்ளி மாணவர்கள் நடந்தும் பார்த்தும் கற்கும் பயணம் ஒன்றை வகுப்பது பெரிய செலவு பிடிக்கும் வேலை ஆகாது. பாதையோரத்தில் பாறையின் பெயரையும் அதன் வயதையும் தமிழில் எழுதிய பலகைகள் இருந்தால் போதும். செல்ஃபி எடுக்க நிற்கும் பிள்ளைகளில் பத்துக்கு ஒருவராவது குனிந்து பார்ப்பார்கள். கருவி பொதிந்த சரளை நிலங்களைக் குவாரிக்கு ஏலம் விடுவதற்கு முன் தொல்லியல் துறையின் ஆய்வு கட்டாயம் என்றொரு நடைமுறையும் வேண்டும். இவை அனைத்தும் நம் கைக்கு எட்டுகிற தொலைவில்தான் இருக்கின்றன.

மலையேறுவோர் சிகரத்தை நிமிர்ந்து பார்ப்பது இயல்பு. ஏறிய பின் பள்ளத்தாக்கை எட்டிப் பார்ப்பதும் இயல்பு. இரண்டுக்கும் நடுவே, தன் பாதம் படும் ஒரு சாண் நிலம் இருக்கிறது. ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்த ஒரு சாண் நிலத்தை ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டு நடந்தார். அதில் பல லட்சம் ஆண்டுகள் கிடந்தன. எங்கள் பயணத்துக்கான பைகளைக் கட்டிக்கொண்டிருக்கிறோம். தொலைநோக்கியை மறக்காமல் எடுத்து வைத்த மகளிடம், குறிப்பேடும் பென்சிலும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.